துபாய் வேலை: பெட் ஸ்பேஸா, தனி ஸ்டூடியோவா?

வணக்கம் தம்பி. துபாய்ப் பள்ளியில் கணக்கு வாத்தியார் வேலை, காரைக்குடி வீட்டுக் கடனும் அடைக்க வேண்டும், அதனால் துபாய் கராமாவில் நான்கு பேர் அறையில் பெட் ஸ்பேஸ் (ஒரு கட்டில் இடம் மட்டும்) எடுக்கலாமா, பக்கத்து ஷார்ஜாவில் தனி ஸ்டூடியோவா (ஓரறை வீடு) என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெட் ஸ்பேஸ் வேண்டாம். அந்தக் காலத்தில் வட்டிக்கடை நடத்தப் போன நம்ம ஊர்ச் செட்டியார்கள் சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கியில் (கடையும் தங்குமிடமுமான நீளக் கூடத்தில்) ஒரு பாய், ஒரு பெட்டியோடு காலம் தள்ளினார்கள்தான். ஆனால் அவர்களுக்குக் கடையும் அதே இடம். நீங்கள் விடியற்காலை எழுந்து ஓட வேண்டும், ராத்திரி நோட்டுத் திருத்த வேண்டும். பக்கத்துக் கட்டில்காரர் ஷிப்ட் முடிந்து நடுராத்திரி வந்தால் அப்புறம் தூக்கம் எங்கே?

இன்னொன்று, துபாயில் அனுமதி இல்லாமல் பலகை வைத்து அறையைப் பிரிப்பது சட்டவிரோதம். சோதனை வந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஷார்ஜாவில் வாடகை குறைவு, சரி. காலை நேரத்தில் ஷார்ஜா-துபாய் சாலை நெரிசலைப் பார்த்தால் அந்த மிச்சம் பெரிதாகத் தெரியாது. துபாயிலேயே ஸ்டூடியோ என்றால் மின்சார, தண்ணீர் இணைப்புக்கு 2,000 திர்ஹாம் முன்பணம். ஆண்டு வாடகையில் 5 சதவீத வீட்டுக் கட்டணமும் பன்னிரண்டாகப் பிரிந்து மாதாமாதம் அந்த மின்சார பில்லோடு சேரும்.

என் யோசனை: இரண்டு மூன்று ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு ஃபிளாட், ஆளுக்கொரு அறை, சமையல் பொதுவில். வாடகை ஒப்பந்தம் யார் பேரில் இருந்தாலும், கூட இருப்பவராக உங்கள் பெயர் துபாய் நிலத் துறையின் ‘துபாய் ரெஸ்ட்’ செயலியில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு முன், வீட்டுப்படி கையில் வருமா, பள்ளியே இடம் தருமா என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள்.