கிளி வாங்கும் முன்: சட்டம் பற்றிய கேள்வி பதில்

கிளி வளர்ப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் கேட்டவற்றில் சட்டம் தொடர்பான கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். தீவனம், இறகு உதிர்தல் பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதுரையிலிருந்து ஒருவர்: அண்ணா, தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் பச்சைக்கிளி உண்டு. இப்போது அது குற்றம் என்கிறார்கள். கடையில் மக்காவை மட்டும் பகிரங்கமாக விற்கிறார்களே, எப்படி?

முரணாகத்தான் தெரியும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்த நாட்டுக் காட்டுயிர்களுக்காக வந்தது. பச்சைக்கிளியும் அலெக்சாண்டிரின் எனப்படும் பெரிய பச்சைக்கிளியும் அதன் இரண்டாம் அட்டவணையில் உள்ளன. பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைப்பதும் குற்றம். 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கிளி ஜோசியக்காரரின் கிளிக்கும் இதுதான் சட்டம்.

மக்காவ் தென்னமெரிக்கப் பறவை. நம் சட்டம் பல காலம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. 2022இல் திருத்தம் வந்து, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் சேர்ந்து போட்ட சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியல் நான்காம் அட்டவணையாகச் சேர்ந்தது. ஆகவே மக்காவுக்குத் தடை இல்லை, பதிவு உண்டு.

'கூண்டிலேயே பொரித்த பச்சைக்கிளியையாவது அனுமதிக்கக்கூடாதா' என்று சிலர் கேட்கிறார்கள். மரப்பொந்தில் கையை விட்டு எடுத்த குஞ்சையும் கூண்டில் பொரித்த குஞ்சையும் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்றை அனுமதித்தால் மற்றது அதன் பெயரில் சந்தைக்கு வந்துவிடும். தடை கடுமையாக இருப்பது எனக்குச் சரியாகவே படுகிறது.

கோவை வாசகர்: நீல ரிங்நெக், மஞ்சள் ரிங்நெக் எல்லாம் வெளிநாட்டு ரகம், பிரச்சினை இல்லை என்கிறார் கடைக்காரர்.

அவருக்கு விற்றாக வேண்டும், சொல்கிறார். நீலமும் மஞ்சளும் நம் பச்சைக்கிளியின் நிற மாற்றங்கள்தான், இனம் ஒன்றே. அட்டவணையில் இருப்பது இனத்தின் பெயர், நிறம் இல்லை. 'இது ஆப்பிரிக்க ரிங்நெக்' என்று ஒரு சமாதானமும் சொல்வார்கள். அதுவும் அதே இனத்தின் ஓர் உட்பிரிவு. வனத்துறை வந்து நிற்கும்போது கடைக்காரர் உங்கள் வீட்டில் இருக்கமாட்டார். வாங்காதீர்கள்.

திருச்சி, கல்லூரி மாணவி: நான் லவ் பேர்ட்ஸ்தான் வளர்க்கிறேன். பதிவு செய்ய வேண்டுமா?

எந்த லவ் பேர்ட்ஸ் என்று பார்க்க வேண்டும். நம் ஊரில் அந்தப் பெயரில் பெரும்பாலும் விற்பது பட்ஜி, ஆஸ்திரேலியச் சிறு கிளி. அதுவும் காக்கட்டீல் என்ற கொண்டைக் கிளியும் சைட்டிஸ் பட்டியலில் இல்லை, பதிவு வேண்டாம். 'ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ்' என்று விற்பதில்தான் சிக்கல். பீச் ஃபேஸ் என்ற இனத்துக்கு விலக்கு உண்டு. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள ஃபிஷர், மாஸ்க்டு இரண்டும் பட்டியலில் உள்ளன. எல்லாவற்றையும் ஒரே கூண்டில் போட்டு ஒரே விலை சொல்லும் கடைகள் ஏராளம். வாங்கும்போதே இனத்தின் அறிவியல் பெயரை பில்லில் எழுதி வாங்குங்கள்.

சேலத்திலிருந்து: ஒரு ஜோடி சன் கனுர் கிளி இருக்கிறது. பதிவுக்கான தேதி போனதே எனக்குத் தெரியாது. இனி என்ன செய்வது?

பதிவு விதிகள் 2024 பிப்ரவரி 28 அன்று வந்தன. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு 6 மாதம் அவகாசம் தந்தார்கள், அது ஆகஸ்டோடு முடிந்தது. பதிவு நடப்பது மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில். தாமதமாகிவிட்டது என்பதற்காகக் கூண்டை உள்ளறைக்கு மாற்றிவிட்டு இருந்துவிடாதீர்கள். பில், கடைக்காரருக்கு ஜிபேயில் பணம் அனுப்பிய விவரம், பறவைகளின் படங்கள் என்று கையில் இருப்பதைச் சேர்த்துக்கொண்டு மாவட்ட வன அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். புகாரின் பேரில் அவர்கள் வருவதற்கு முன் நீங்களாகப் போவது நல்லது. குஞ்சு பொரித்தாலும், வேறொருவருக்குக் கொடுத்தாலும், பறவை இறந்தாலும் தெரிவிக்க வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆப்பிரிக்கன் கிரே என்ற சாம்பல் நிறக் கிளி ஜோடி முட்டை வைத்திருக்கிறது. குஞ்சுகளை விற்கலாமா?

உரிமம் இல்லாமல் கூடாது. காட்டில் பிடித்துப் பிடித்தே அருகிப்போன இனம் அது. 2016இல் ஜோகன்னஸ்பர்க் மாநாட்டில் சைட்டிஸின் மிகக் கடுமையான முதல் பட்டியலுக்கு மாற்றினார்கள். அந்தப் பட்டியலில் உள்ளவற்றை இனப்பெருக்கம் செய்ய இங்கே தனி உரிமம் தேவை. ஸ்கார்லெட் மக்காவுக்கும் அப்படியே. நீலமஞ்சள் மக்காவ் சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் உள்ளது, அதற்குப் பதிவு போதும்.

துபாயிலிருந்து ஊர் திரும்பும்போது என் கிளியையும் விமானத்தில் கொண்டு வரலாமா?

பயணிகளின் உடைமையாக நாய், பூனைக்கு மட்டுமே வழி உண்டு. பறவைக்கு இறக்குமதி உரிமம், சைட்டிஸ் அனுமதி எல்லாம் வேண்டும். கிளிக்கு அங்கேயே நல்ல வீடு பார்ப்பதுதான் நடக்கிற காரியம்.

டெக்சாஸிலிருந்து: குவேக்கர் கிளி வைத்திருக்கிறோம். கலிபோர்னியாவில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே கூடாது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸில் தாராளமாக வளர்க்கலாம். கலிபோர்னியா, பென்சில்வேனியா, ஜார்ஜியா, ஹவாய் ஆகியவற்றில் தடை. மற்ற கிளிகள் பொந்து தேடும், குவேக்கர் குச்சிகளை அடுக்கிக் கூட்டமாகப் பெரிய கூடு கட்டும். அந்தக் கூட்டுக்குள் பனிக்காலத்தையும் ஓட்டிவிடும். சிகாகோவிலும் புரூக்ளினிலும் தப்பிப்போன கிளிகளின் வம்சம் இன்றும் இருக்கிறது. மின்கம்பத்தில், டிரான்ஸ்ஃபார்மர் மேல் கூடு கட்டினால் தீப்பிடிக்கும், மின்சாரம் போகும். விவசாய மாநிலங்களுக்குப் பயிர்ச்சேதக் கவலை வேறு.

உங்கள் கிளி கூண்டைத் தாண்டாது என்று சொல்லிப் பயனில்லை. பிடிபட்டால் பறிமுதல்தான். டெக்சாஸிலேயே நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். காரில் போவதானாலும் வழியில் வரும் மாநிலங்களின் விதியையும் பார்க்க வேண்டும்.

காலில் ரிங் போட்ட கிளிக்குப் பேப்பர் தேவையில்லை என்கிறார்களே?

வளையம் பெரும்பாலும் வளர்ப்பவரின் குறியீட்டையும் பொரித்த ஆண்டையும் காட்டும். அடையாளத்துக்கு உதவும், பதிவுச் சான்றுக்கு ஈடாகாது. விற்பவரின் பெயரில் பதிவு இருக்கிறதா, அதை உங்கள் பெயருக்கு மாற்றித் தருவாரா என்று கேளுங்கள். மழுப்பினால் முன்பணம் கொடுக்காதீர்கள்.