டீம் செர்ரி ஸ்டுடியோவை ரசிகர்கள் ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த வீடியோ கேம் ஸ்டுடியோ இதுதான். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் அரி கிப்சன், வில்லியம் பெலன் இருவரும் தொடங்கிய மிகச் சிறிய குழு. 2014-இல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் ரசிகர்களிடம் பணம் திரட்டி, 2017-இல், பாழடைந்த நிலத்தடி உலகைச் சுற்றி ஆராயும் 'ஹாலோ நைட்' விளையாட்டை வெளியிட்டார்கள்.

அதில் வழிகாட்டும் அம்புக்குறி கிடையாது. புதிய பகுதிக்குள் வரைபடம் இல்லாமல்தான் நுழைகிறோம். தரையில் சிதறிய காகிதங்களையும் எங்கோ கேட்கும் முணுமுணுப்புப் பாட்டையும் பின்தொடர்ந்தால், கார்னிஃபர் என்ற வரைபடக்காரர் அகப்படுவார். அவர் விற்கும் வரைபடமும் அரைகுறைதான். மீதியை நாமே நடந்து பார்த்து, இறகுப் பேனாவால் நிரப்ப வேண்டும். தொலைந்துபோவதையே இன்பமாக்கும் இந்த வடிவமைப்பை வேறெந்த விளையாட்டிலும் இவ்வளவு அழகாக நான் பார்த்ததில்லை. ஆடுபவரின் அறிவை மதிப்பவர்களால்தான் இப்படிச் செய்ய முடியும்.

பிறகு வந்த நான்கு கூடுதல் தொகுப்புகளையும் இலவசமாகவே தந்தார்கள். ஹார்னெட் என்ற பாத்திரத்துக்கான கூடுதல் பகுதியாகத் திட்டமிட்டது வளர்ந்து வளர்ந்து 'சில்க்சாங்' என்ற தனி விளையாட்டாகி, பல ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் 2025 செப்டம்பரில் வெளியானது. பெரிய நிறுவனங்கள் 70 டாலர் கேட்கும் காலத்தில் அதற்கு இவர்கள் வைத்த விலை 20 டாலர்தான்.