சித்தப்பாவுக்குக் கண் நன்றாகத்தான் தெரிந்தது

அன்புள்ள அண்ணா,

எனக்குச் சந்தூர் பக்கம். இன்ஜினியரிங் கடைசி வருடம். எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்து மா விவசாயிகளுக்காக ஒரு தேடல் தளம் செய்கிறோம், ப்ராஜெக்ட்டுக்குத்தான். 'தத்துப்பூச்சி', 'சாம்பல் நோய்' என்று தமிழில் தட்டினால் அது சம்பந்தமான பக்கங்கள் வரும். வருகிற முடிவுகளை எப்படிக் காட்டுவது என்பதில் குழப்பம். கார்டு கார்டாகவா, வரிசையாகவா? படம் வேண்டுமா? டார்க் மோடு வைக்கலாமா? மருந்துக் கடை விளம்பரங்களையும் முடிவுகள் மாதிரியே அதே டிசைனில் வைத்தால் பக்கம் க்ளீனாக இருக்கும் என்று டீமில் சொல்கிறார்கள். சின்னதாக 'விளம்பரம்' என்று போட்டுவிடுவோம். அதைக்கூடப் படிக்காமல் க்ளிக் பண்ணுகிறவர்களுக்கு நாம் என்ன செய்ய முடியும்? நீங்கள் காவேரிப்பட்டணத்துக்காரர், சாஃப்ட்வேரிலும் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

ம.

அன்புள்ள ம.,

கார்டா வரிசையா என்றால் வரிசை. போனில் கண் மேலிருந்து கீழே இறங்கப் பழகியிருக்கிறது, அதைக் குறுக்கே இழுக்காதே. டார்க் மோடு, வெயிலில் தோப்புக்குள் நின்று போனைப் பார்க்கிறவருக்கு எதற்கு? விடு. படத்துக்கு அப்புறம் வருகிறேன்.

"அதைக்கூடப் படிக்காமல்" என்று எழுதியிருக்கிறாயே தம்பி, யாரைச் சொல்கிறாய்?

என் சித்தப்பா தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். கிரயப் பத்திரத்தில் ஒரு சர்வே எண் பிசகியிருந்தால் விரல் வைத்துக் காட்டுவார். எங்கள் தெருவில் யார் நிலம் வாங்கினாலும் முதலில் காகிதத்தை அவரிடம்தான் கொண்டுவருவார்கள். மகன் சிங்கப்பூரில் இருப்பதால் பாஸ்போர்ட் எடுக்க நினைத்தவர், யாரையும் தொந்தரவு பண்ணக்கூடாது என்று தானே போனில் தேடினார். மேலே முதலாவதாக வந்ததைத் தொட்டார். படிவம் வந்தது, பொறுமையாக நிரப்பினார், பணம் கட்டினார். சாதாரண பாஸ்போர்ட்டுக்கு அரசுக் கட்டணம் 1,500 ரூபாய், இவர் கட்டியது அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். பாஸ்போர்ட் பெயரில் போலித் தளங்கள் நடக்கின்றன என்று வெளியுறவு அமைச்சகமே எச்சரித்திருக்கிறது, அப்படி ஒன்றுதான் இது. காசு கொடுத்து மேலே வந்து உட்கார்ந்திருந்தது. பணம் போனதுகூட எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. அவர் யாரிடமும் மூச்சு விடாமல் கண் டாக்டரிடம் போய்க் கண்ணாடியை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். "எழுத்து சரியாத் தெரியலடா, அதான்" என்றார் என்னிடம். போன மாதம் இது தெரிந்ததிலிருந்து இதே யோசனையாகத்தான் இருக்கிறேன், அதனால்தான் உனக்கு உடனே பதில்.

அவர் கண்ணில் ஒரு குறையும் இல்லை. குறை அந்தப் பக்கத்தில் இருந்தது, அங்கே அது தானாகவும் வரவில்லை.

கூகுள் தேடலை எடுத்துக்கொள். ஆரம்ப வருடங்களில் மேலே வரும் விளம்பரங்களுக்குப் பின்னால் வண்ணம் பூசியிருக்கும். மஞ்சள், நீலம், ஊதா என்று அவ்வப்போது மாறினாலும் ஏதோ ஒரு நிறம் இருந்தது, ஒரு எழுத்தும் படிக்காமல் இது வேறு அது வேறு என்று தெரிந்தது. பின்னால் அந்த நிறம் வெளுத்துக்கொண்டே வந்தது. 2013 ஜூனில் அமெரிக்காவில் வாடிக்கையாளர் ஏமாறாமல் பார்த்துக்கொள்கிற அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் தேடல் நிறுவனங்களுக்கு ஒரு கடிதம் எழுதியது, 2002-லேயே ஒருமுறை எழுதியிருந்தார்கள். பின்னணி நிறம் மங்கிவிட்டது, சில திரைகளில் அது கண்ணுக்கே படாமல் போகலாம், ஒன்று அழுத்தமான நிறம் வையுங்கள் அல்லது சுற்றிக் கோடு போடுங்கள், 'விளம்பரம்' என்ற சொல் கண் முதலில் போகும் இடத்தில், இடது மேல் மூலையில் இருக்கட்டும் என்று அதில் இருந்தது. அதற்கப்புறம் ஒரு வருடத்துக்குள் கூகுள் நிறத்தையே எடுத்துவிட்டது. பதிலுக்கு ஒரு குட்டி மஞ்சள் பட்டை. 2016-ல் மஞ்சளும் போய்ப் பச்சை வந்தது. என்ன பச்சை? பக்கத்திலேயே இணைய முகவரி எந்தப் பச்சையில் இருந்ததோ அதே பச்சை! 2020 ஜனவரியில் கம்ப்யூட்டர் திரையில் எல்லா முடிவுகளுக்கும் முன்னால் தளத்தின் சின்னப் படம் ஒன்றைப் போட்டு, விளம்பரங்களுக்கு அதே இடத்தில் அதே அளவில் கறுப்பாக 'ஆட்' (Ad, விளம்பரம்) என்று வைத்தார்கள். அப்போது உலகமே கத்தியது, இரண்டே வாரத்தில் மாற்றிப் பார்க்கிறோம் என்று இறங்கி வந்தார்கள். 2022-ல் 'ஸ்பான்சர்டு' என்று தனி வரியில் போட ஆரம்பித்தது கொஞ்சம் பரவாயில்லை, நியாயத்துக்குச் சொல்ல வேண்டும்.

இதில் எந்தக் கட்டத்திலும் யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் 'விளம்பரம்' என்று எழுதித்தான் இருந்தது, உன் டீம் சொல்கிறதே அதே மாதிரி. க்ளீன் என்கிற பெயரில் படிக்காமல் தெரிந்துகொண்டிருந்த ஒன்றை, தேடிப் படித்தால்தான் தெரியும் என்று ஆக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். போச்சம்பள்ளி சந்தையில் ஆடு வாங்கப் போனால் தரகர் யார், ஆட்டுக்காரர் யார் என்று பார்த்ததும் தெரிகிறது. தரகர் தன் சட்டைப் பையில் 'தரகர்' என்று பொடி எழுத்தில் தைத்துக்கொண்டு ஆட்டுக்காரர் மாதிரியே குத்த வைத்து உட்கார்ந்திருந்தால், ஏமாந்தவனைப் பார்த்துப் 'படிக்கத் தெரியாதவன்' என்பாயா?

படித்தவர்கள் மட்டும் என்ன வாழ்ந்தது? அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களை உட்கார வைத்து, அவர்கள் கண் திரையில் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்தார்கள். 2007-ல் வெளியான ஆய்வு. சிலருக்கு மட்டும் முடிவுகளின் வரிசையைச் சொல்லாமல் தலைகீழாக்கிக் கொடுத்தார்கள். பொருத்தம் குறைந்ததாக இருந்தும் மேலே இருப்பதைத்தான் அவர்களும் அதிகம் நம்பினார்கள். மேலே இருப்பது நல்லதாகத்தான் இருக்கும் என்று பக்கம் சொல்லிக்கொடுத்திருக்கிறது, விரல் கேட்கிறது. உன் விரலும் கேட்கும், என் விரலும் கேட்கும்.

இப்போது உன் தளத்துக்கு வா. மாம்பூவில் தத்துப்பூச்சி விழுந்திருக்கிறது, ஒருவர் தோப்பில் நின்றுகொண்டு தேடுகிறார். மேலே மூன்று மருந்துக் கடைகள், நாலாவதாக வேளாண் பல்கலைக்கழகத்தின் பக்கம், எல்லாம் ஒரே டிசைனில். அவர் முதலாவதைத் தொட்டு, அதில் சொன்னதை வாங்கிப் பூ முழுக்க விரிந்திருக்கும் நேரத்தில் அடித்தால் மகரந்தம் சேர்க்கிற ஈயும் தேனீயும் சேர்ந்து சாகும், காய் பிடிப்பு குறையும். பெங்களூரா மாங்காயை நம்பி வருடம் பூராவும் காத்திருக்கிற குடும்பம் அது. உனக்கு அது க்ளீனான பக்கம். கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. நீ கேட்டதால்தான் எழுதுகிறேன், கேட்காமலே செய்கிறவர்கள் நிறையப் பேர்.

விளம்பரம் போடு, தப்பில்லை, சர்வருக்குக் காசு வேண்டும். அதற்கு நல்ல மஞ்சளில் பின்னணி வை, சுற்றிக் கோடு போடு, 'விளம்பரம்' என்பதை முடிவின் தலைப்பு அளவுக்கே எழுது.

நீ கேட்காத ஒன்று. தமிழ் எழுத்து அகலம். தலைப்பை இத்தனை பிக்ஸல் என்று வெட்டினால் 'கிருஷ்ணகிரி மாவட்டம்' என்பதே பாதி இடத்தைத் தின்றுவிடும். தலைப்புக்குக் கீழே வரும் சுருக்கத்தை இரண்டு வரியில் வெட்டுவது இன்னும் ஆபத்து, நமக்கு வினை கடைசியில் வருகிறது. 'இந்த நிலையில் மருந்து அடிக்கத் தேவை' என்று நின்று மூன்று புள்ளி வந்தால், வெட்டுப்பட்ட 'இல்லை'யை யார் பார்ப்பார்கள்? வாக்கியம் முடிகிற இடத்தில் வெட்டு. வரிக்கு வரி இடைவெளியும் கொஞ்சம் தாராளமாக விடு, மேல் வரியின் உகரம் கீழ் வரியின் இகர வளைவில் இடிக்கிறது.

படம் கட்டாயம் வேண்டும். சாம்பல் நோய்க்குப் பெயர் தெரியாதவருக்கும் பூங்கொத்தில் வெள்ளையாகப் படிந்ததைக் காட்டினால் தெரியும். இணையத்திலிருந்து எடுத்து ஒட்டாமல் உங்கள் தோப்பிலேயே கிட்டே வைத்து எடு.

முடித்ததும் உன் அப்பாவின் போனில் திற. உன் போன் வேண்டாம், அவருடையது. பகல் பன்னிரண்டு மணிக்கு வெளியே நிறுத்தி, இதில் எதெல்லாம் கடைக்காரர் காசு கொடுத்து வைத்தது என்று மட்டும் கேள், வேறு எதையும் விளக்காதே. ஒரு நொடி யோசித்தாரென்றால் மஞ்சளை இன்னும் அழுத்து. பக்கம் அசிங்கமாக இருக்கிறது என்று டீமில் யாராவது சொன்னால் என் பெயரைச் சொல்லிவிடு.