வேலை கொடுக்காமலே வேலை வாங்கிவிட்டார்கள்

கேள்வி: எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை. எம்.காம்., சி.ஏ. இன்டரில் ஒரு குரூப் பாஸ். எர்ணாகுளத்தில் ஒரு நிதி ஆலோசனை நிறுவனத்தில் அனலிஸ்ட் வேலைக்கு இன்டர்வியூ போனேன். அது முடிந்ததும் 'அசைன்மென்ட்' என்று ஒரு தேங்காய் நார்க்கழிவு ஏற்றுமதிக் கம்பெனியின் மூன்று வருடக் கணக்கைக் கொடுத்து, ஐந்து வருட எக்செல் மாடலும் பேங்க்குக்குக் கொடுக்கிற மாதிரி 30 பக்க ரிப்போர்ட்டும் கேட்டார்கள். ஒன்பது ராத்திரி உட்கார்ந்தேன், எப்படியும் 60 மணி நேரம் இருக்கும். பிறகு இரண்டு மாதம் பேச்சே இல்லை. போன வாரம், கோபாலபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு நார் மில்லில் கணக்கு பார்க்கும் என் மாமா பையன் வாட்ஸ்அப்பில் ஒரு பி.டி.எஃப். அனுப்பினான். அவன் முதலாளிக்கு அந்த நிறுவனம் காசு வாங்கிக்கொண்டு செய்து கொடுத்த லோன் ரிப்போர்ட். பார்த்தால் என்னுடையது, மேலே அவர்கள் லோகோ. இப்போது அதே ஹெச்ஆர் கூப்பிட்டு, 'ஃபைனல் அசைன்மென்ட், ஒரு ரைஸ் மில், திங்கட்கிழமைக்குள் வேண்டும்' என்கிறார். செய்ததற்குச் சம்பளம் கேட்க முடியுமா? நிறுவனம் கேரளா, மில் தமிழ்நாடு, எந்தக் கோர்ட்டுக்குப் போவது? லிங்க்ட்இன்னில் பெயர் போட்டு எழுதிவிடட்டுமா?

பதில்: திங்கட்கிழமை கெடு இருப்பதால் ரைஸ் மில்லை முதலில் முடித்துவிடுவோம். செய்யாதீர்கள். வேலை இன்னும் வேண்டும் என்ற ஆசை இருந்தால் முறைத்துக்கொள்ளவும் வேண்டாம், ஒரு மெயில் போடுங்கள், இந்த அர்த்தத்தில்: "முன்பு ஒரு முழு மாடலும் ரிப்போர்ட்டும் கொடுத்திருக்கிறேன். மேலும் என்னைச் சோதிக்க வேண்டும் என்றால் நேரில் வந்து உங்கள் ஆட்கள் முன்னாலேயே மூன்று மணி நேரம் உட்கார்ந்து செய்து காட்டுகிறேன். உண்மையான கிளையன்ட் ஒருவருக்கான வேலை என்றால் அதற்கு என் கட்டணத்தைப் பேசிக்கொள்ளலாம். முன்பு கொடுத்த வேலையை எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்பதையும் தெரிவியுங்கள்." கடைசி வாக்கியம்தான் முக்கியம். அதற்கு அவர்கள் எழுத்தில் என்ன பதில் சொன்னாலும், சொல்லாமலே இருந்தாலும், பின்னால் உங்களுக்கு உதவும். போனில் பேசக் கூப்பிட்டால் "மெயிலில் அனுப்புங்க சார்" என்று சொல்லிவிடுங்கள்.

இப்போது சம்பளம். சம்பளம் என்ற பெயரில் கேட்டால் கிடைக்காது, வெறும் வாயை மெல்ல வேண்டாம் என்றுதான் நேராகவே சொல்கிறேன். 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பாகட்டும், அதற்கு முன்பிருந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டமாகட்டும், வேலையில் சேர்ந்தவருக்குத்தான் பேசும். நீங்கள் வாசற்படியில் நின்றவர், உள்ளே போகவில்லை. வேலைக்கு ஆள் எடுக்கும்போது இத்தனை மணி நேரத்துக்கு மேல் சோதனை வைக்கக் கூடாது என்று நம் நாட்டில் சட்டம் கிடையாது. மூன்று மணி நேரப் பரீட்சை வைத்தாலும் மூன்று வாரம் இழுத்தடித்தாலும், அநியாயம் என்று நாம் சொல்லலாம், சட்ட மீறல் என்று சொல்ல முடியாது. லேபர் ஆபீசில் மனு கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். சிலர் செபியின் ஸ்கோர்ஸ் தளத்திலும் ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேனிடமும் புகார் போடச் சொல்வார்கள், நிதி நிறுவனம் என்பதால். முதலாவது முதலீட்டாளருக்கானது, இரண்டாவது வாடிக்கையாளருக்கானது, வேலை தேடிப் போனவர் இரண்டிலும் வரமாட்டார். கன்ஸ்யூமர் கோர்ட்டும் அப்படியே.

ஆனால் உங்கள் விஷயம் அந்த இடத்தில் நிற்கவில்லை. சோதிக்கிறேன் என்று வாங்கியதை அவர்கள் விற்றுவிட்டார்கள். சட்டம் உங்கள் பக்கம் திரும்புவது அங்கேதான்.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ல் 70-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒருவர் இன்னொருவருக்காக நியாயமான முறையில் ஒரு வேலை செய்கிறார், இலவசமாகச் செய்யும் எண்ணம் அவருக்கு இல்லை, மற்றவர் அதன் பலனை அனுபவித்துவிட்டார் என்றால், ஒப்பந்தமே இல்லாவிட்டாலும் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது. மேற்கு வங்க அரசுக்கும் பி.கே. மண்டல் அண்ட் சன்ஸுக்கும் நடந்த வழக்கு இதற்குப் பழைய உதாரணம்: அதிகாரிகள் கேட்டார்கள் என்று காண்டிராக்டர் தானியம் வைக்கத் தற்காலிகக் கொட்டகையும் பாதையும் போட்டுக் கொடுத்தார், அரசு பயன்படுத்திக்கொண்டது, பணம் கேட்டபோது முறையான ஒப்பந்தம் இல்லை என்று கையை விரித்தது, உச்ச நீதிமன்றம் 1961-ல் இந்த 70-வது பிரிவைக் காட்டிக் கொடுக்கத்தான் வேண்டும் என்றது.

எதிர்த்தரப்பு வக்கீலாக நான் இருந்தால் என்ன சொல்வேன் தெரியுமா? "இந்த அம்மணி வேலை கிடைக்கும் என்று செய்தார், கூலி எதிர்பார்த்துச் செய்யவில்லை, ஆகவே இது இலவசம்தான்." சுலபமாகத் தள்ளிவிட முடியாத வாதம். அதற்கு உங்கள் பதில், என் திறமையைப் பார்ப்பதற்கு மட்டும் இலவசம், கிளையன்ட்டுக்குக் கொடுத்துக் காசு வாங்குவதற்கு நான் இலவசமாகத் தரவில்லை என்பது. நல்ல பதில்தான். ஆனாலும் இதை மட்டும் நம்பி ஒரு வழக்கை நான் எடுத்துக்கொண்டு போகமாட்டேன்.

கெட்டியான பிடி பதிப்புரிமைச் சட்டம், 1957. 'இலக்கியப் படைப்பு' என்று அதில் வருவது கதை கவிதை மட்டுமில்லை, அட்டவணைகளும் தொகுப்புகளும் சேரும். உங்கள் ரிப்போர்ட்டின் எழுத்தும், நீங்கள் அமைத்த எக்செல் பக்கங்களும் அதில் அடங்கும் என்று தைரியமாக வாதாடலாம். பதிவு செய்திருக்க வேண்டும் என்றும் இல்லை. 17-வது பிரிவின்படி படைத்தவர்தான் முதல் உரிமையாளர். வேலையில் இருப்பவர் வேலைக்காகச் செய்தால் முதலாளிக்குப் போகும். உங்களை அவர்கள் வேலைக்கு எடுக்கவில்லையே! சம்பளம் கேட்கும்போது உங்களுக்கு எதிராக நின்ற அதே விஷயம் இங்கே உங்களுக்குச் சாதகமாகிறது. "நீங்கள் எங்கள் ஊழியர் இல்லை" என்று அவர்கள் எவ்வளவு அழுத்திச் சொல்கிறார்களோ, அந்த ரிப்போர்ட் அவ்வளவுக்கு உங்களுடையது.

வேடிக்கை என்னவென்றால், இந்தச் சட்டத்திலும் 'அசைன்மென்ட்' என்ற சொல் வருகிறது. ஹெச்ஆர் பேச்சில் அது வீட்டுப்பாடம். சட்டத்தில், உரிமையை எழுதிக் கொடுப்பது. 19-வது பிரிவின்படி அது எழுத்தில், கொடுப்பவரின் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். ஆகவே நீங்கள் ஏதாவது ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டீர்களா என்று தேடிப் பாருங்கள். இன்டர்வியூ அன்று வரவேற்பறையில் நீட்டின பேப்பராகக்கூட இருக்கலாம், நாம் படிக்காமல் போட்டிருப்போம். "சமர்ப்பிக்கும் அனைத்தும் நிறுவனத்துக்கே சொந்தம்" என்று மெயிலின் அடியில் அவர்களே போட்டுக்கொண்ட வரி உங்கள் கையெழுத்து ஆகாது. நிஜமாகவே கையெழுத்திட்டிருந்தால் கதை கொஞ்சம் மாறும், அப்போதும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம்தான், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள்தான். இதைச் செய்தது நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57-வது பிரிவில் அதற்குப் பிறகும் உங்களிடமே இருக்கும்.

சரி, உங்களுடையதுதான் என்று எப்படி நிரூபிப்பது? நீங்கள் இணைத்து அனுப்பிய இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் களத்தில் நார்க்கழிவு காயாது, பிளாக் அடிக்க முடியாது, ஸ்டாக் தேங்கும், அந்த மாதங்களுக்கு நடைமுறை மூலதனம் கூட வேண்டும் என்று தனியாக ஒரு பக்கம் போட்டு, மழைக்கால ஸ்டாக்குக்கு 47 நாள் வைத்திருக்கிறீர்கள். நார் மில் பக்கத்தில் வளர்ந்தவருக்குத்தான் இது தோன்றும். அவர்கள் பி.டி.எஃபிலும் அதே பக்கம், அதே 47. "நாங்களும் யோசித்தோம்" என்பார்கள். யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978-லேயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் சொல்லிவிட்டது. ஆகவே மழைக்கணக்கு என்ற யோசனையை யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பக்கத்தின் நான்காவது வரியில் ஆங்கிலத்தில் 'ரிசீவபிள்ஸ்' என்று அடிக்கும்போது 'ஈ'யையும் 'ஐ'யையும் இடம் மாற்றிப் போட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அந்தத் தப்பு அவர்கள் ரிப்போர்ட்டிலும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பேர் ஒரே மாதிரி யோசிக்கலாம், ஒரே இடத்தில் ஒரே எழுத்துப் பிழை விடுவார்களா? தயவுசெய்து அதைத் திருத்திவிடாதீர்கள்.

இதில் என்னை உறுத்துவது உங்கள் மாமா பையன். அவன் அனுப்பியது முதலாளியின் லோன் ரிப்போர்ட். அதை நோட்டீசோடு இணைத்தால் யார் வெளியே விட்டது என்று மத்தியானத்துக்குள் தெரிந்துவிடும், அவன் வேலை போகும், அப்புறம் ஊரில் கல்யாணம் காட்சிக்கு நீங்கள் இரண்டு குடும்பமும் முகம் பார்த்துக்கொள்ள முடியாது. அந்த பி.டி.எஃபை யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள். "நான் கொடுத்த மாடலையும் ரிப்போர்ட்டையும் எந்தக் கிளையன்ட்டுக்காவது கொடுத்தீர்களா, கொடுத்த ரிப்போர்ட்டின் நகல் தாருங்கள்" என்று மட்டும் நோட்டீசில் கேட்டால் போதும். மறுத்தால், வழக்கு என்று வரும்போது ஆவணத்தைக் கொண்டுவரச் சொல்லும்படி கோர்ட்டையே கேட்கலாம், சிவில் நடைமுறைச் சட்டத்தில் வழி இருக்கிறது. இன்னொன்று, அசைன்மென்ட் என்று உங்களிடம் தந்த அந்தக் கணக்கும் யாரோ ஒரு வியாபாரியின் ரகசியம். நீங்களும் அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

எல்லைக் குழப்பம் உங்களுக்கு வேண்டாம். ஆழியாற்றுத் தண்ணீர் மாதிரி இதில் இரண்டு மாநிலத்துக்கும் பங்கு பிரிக்கிற வேலை இல்லை. ஒப்பந்தச் சட்டமும் பதிப்புரிமைச் சட்டமும் மத்தியச் சட்டங்கள், செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதான். பதிப்புரிமை வழக்கை, உரிமையாளர் குடியிருக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம் என்று 62-வது பிரிவு சொல்கிறது, ஆகவே உங்களுக்குப் பாலக்காடு. எர்ணாகுளத்துக்கு ரயில் பிடிக்க வேண்டாம். கால வரம்பு மூன்று வருடம், அவசரமும் இல்லை.

அதற்காக நாளைக்கே கேஸ் போடச் சொல்லவில்லை. 60 மணி நேரத்துக்கு மணிக்கு 500 ரூபாய் போட்டால் 30,000 ரூபாய். அதற்கு வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு நடப்பது, சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் என்ற கதை. முதலில் ஒரு வக்கீல் நோட்டீஸ்: பயன்படுத்துவதை நிறுத்து, நியாயமான கட்டணம் கொடு, செய்தது யார் என்று எழுத்தில் ஒப்புக்கொள் என்று மூன்றையும் கேட்டு. மூன்றாவது உங்களுக்கு அடுத்த வேலைக்கு உதவும், என் கணக்கில் அது முப்பதாயிரத்தைவிடப் பெரியது. நோட்டீசுக்கும் காசில்லை என்றால் சித்தூர் தாலுகா லீகல் சர்வீசஸ் கமிட்டிக்குப் போங்கள். சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987-ன் 12-வது பிரிவின்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. வழக்குப் போடாமலே இரண்டு தரப்பையும் கூப்பிட்டு அதாலத்தில் பேசி முடிக்கவும் வழி இருக்கிறது, அங்கே ஒப்புக்கொண்டது கோர்ட் டிக்ரிக்குச் சமம்.

போலீஸ் வேண்டாம். ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் மோசடி நிற்கும். உங்களிடம் மாடல் வாங்கியபோதே வேலை காலி இல்லை என்று தெரிய வந்தால், இதே மாதிரி இன்னும் பத்துப் பேரிடம் வாங்கியிருந்தால், அப்போது பேசலாம்.

லிங்க்ட்இன்? நோட்டீஸ் போய்ச் சேரும்வரை ஒரு எழுத்துக்கூட வேண்டாம். அவதூறு வழக்கில் உண்மையும் பொதுநலமும் சேர்ந்திருந்தால் தப்பலாம்தான், ஆனால் 'திருட்டுக் கும்பல்' என்று கோபத்தில் ஒரு வார்த்தை விட்டால், நீங்கள் போட வேண்டிய கேசை அவர்கள் உங்கள்மேல் போட்டுவிடுவார்கள்.

இனி யார் அசைன்மென்ட் கேட்டாலும் கணக்கு யாருடையது என்று பாருங்கள். பழைய, எல்லோரும் பார்க்கக்கூடிய லிஸ்டட் கம்பெனி ஆண்டறிக்கையைக் கொடுத்தால் சோதனை. கேள்விப்படாத ஒரு பார்ட்டியின் நடப்பு வருட டிரையல் பேலன்சைக் கொடுத்து, அவர்கள் டெம்ப்ளேட்டிலேயே, ஃபார்முலாவோடு, திங்கட்கிழமைக்குள் கேட்டால் செவ்வாய்க்கிழமை எங்கோ மீட்டிங் இருக்கிறது. கொடுக்கத்தான் வேண்டும் என்றால் பி.டி.எஃபாக மட்டும், ஒவ்வொரு பக்கத்திலும் உங்கள் பெயரும் தேதியும் 'தேர்வு மதிப்பீட்டுக்கு மட்டும்' என்ற வரியும் போட்டு அனுப்புங்கள்.

கமிட்டிக்குப் போகும்போது லேப்டாப்பையே எடுத்துக்கொண்டு போங்கள், பென் டிரைவ் போதாது. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி கம்ப்யூட்டர் கோப்பைச் சாட்சியமாகக் காட்டச் சான்றிதழ் தயார் செய்ய வேண்டியிருக்கும், எந்தக் கருவியில் செய்தது என்று அதில் எழுத வேண்டும். அதுவரை அந்த எக்செல் கோப்பைத் திறந்து பார்த்தாலும் சேவ் மட்டும் கொடுக்காதீர்கள், கடைசியாகத் திருத்திய தேதி மாறிவிடும்.