பகான் தமிழ்க் கல்வெட்டு: மலரில் என்ன போடலாம்?

பர்மாவின் (மியான்மரின்) மோல்மீன் கோயில் சிறப்பு மலரில், அந்நாட்டுப் பழைய தலைநகரான பகானின் தமிழ்க் கல்வெட்டுக்கு "ராஜேந்திர சோழன் பகானில் கட்டிய விஷ்ணு கோயில்" என்று படக்குறிப்பு போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க. அச்சுக்குப் போகும் முன் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

ராஜேந்திரனின் கடாரப் (மலேசியாவின் கெடா) படையெடுப்பு 1025 வாக்கில். இந்தக் கல்வெட்டின் எழுத்தமைதியோ 13ஆம் நூற்றாண்டு. கொடை தந்தவரும் அரசர் இல்லை. மலைமண்டலத்து மகோதயர்பட்டணத்து, அதாவது கொடுங்கல்லூர்ப் பக்கத்து, ஈராயிரன் சிறியான் என்ற குலசேகர நம்பி. கல்லில் மேலே கிரந்த எழுத்தில் முகுந்தமாலை என்ற விஷ்ணு துதியின் சுலோகம், கீழே தமிழ். புக்கமான அரிவத்தனபுரத்து, அதாவது பகானின், நானாதேசி விண்ணகர் என்ற விஷ்ணு கோயிலில் மண்டபம் செய்து, கதவு இட்டு, நின்றெரிய ஒரு நிலைவிளக்கும் வைத்தார். அவ்வளவுதான், கோயிலையே கட்டியதாகக் கல்லில் இல்லை.

கோயில் பெயரிலேயே வணிகர் இருக்கிறார்கள். பல நாட்டு வணிகர் கூட்டமே நானாதேசி. சுமத்ராவின் பாரூஸில் 1088இல் ஐந்நூற்றுவர் என்ற வணிகர் குழு தமிழில் கல் வெட்டியதும் இதே கடல்வழி உலகம். படை வராமலே பகான் இருக்கும் இராவதி ஆற்றங்கரைவரை தமிழ் வந்தது எவ்வளவு பெரிய பெருமை!

குழப்பம், ராஜேந்திரனின் வெற்றிகளைப் பாடும் மெய்க்கீர்த்தியில் வரும் "மாப்பப்பாளம்" என்ற ஊர்ப்பெயர் வழியாக வந்திருக்கும். அதைக் கீழ்பர்மாக் கடற்கரை என்று சிலர் கருதுவர்; பகானோ உள்நாட்டு நகரம்.

பகானிலேயே உள்ள நத்லாங் சௌங் என்ற விஷ்ணு கோயிலின் படத்தைக் கல்வெட்டுக்கு ஒட்டிப் போடாதீர்கள், இரண்டும் ஒன்றென்று படும். குறிப்பு இப்படி இருக்கட்டும்: "நானாதேசி விண்ணகர் கல்வெட்டு, பகான், 13ஆம் நூற்றாண்டு, சேரநாட்டுக் குலசேகர நம்பியின் மண்டபக் கொடை."