சவுடு குழியில ஆலைக் கழிவு: "உங்க தண்ணி எப்பவும் உப்புதானே"ன்னா என்ன பண்றது?

சாயல்குடி பக்கத்துல இருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்காரு. சவுடு மண் அள்ளிட்டு விட்ட குழியில ஏழு மாசமா ராத்திரில லாரி வச்சு கருப்பா சேறு மாதிரி ஆலைக் கழிவு கொட்டுறாங்களாம், குழிக்குத் தெற்கால இருக்க கிணத்துத் தண்ணி நாறுதாம், கேட்டா நிலத்துக்காரர் "என் பட்டா, நான் ரொப்புறேன், உங்க தண்ணி எப்பவும் உப்புதானே"ங்கிறாராம்.

அண்ணே, பட்டா கதைய விடுங்க. 1974 தண்ணீர் சட்டம் 24வது பிரிவு கிணறு, ஓடை மட்டுமில்ல, நிலத்துல கொட்டுறதையும் சேத்துதான் தடுக்குது. பஞ்சாயத்துல தீர்மானம் போட்டுக் குடுத்திருந்தாலும் அது மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தோட அனுமதி ஆகாது.

உண்மையான சண்டை உப்புலதான். நீங்க பாட்டுக்கு டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்க உப்பு மாதிரி பொருளோட மொத்த அளவு) மட்டும் டெஸ்ட் பண்ணிட்டு வந்தீங்கன்னா எதிர்த்தரப்பு வக்கீல் "இந்தக் கரையோரம் பூரா இப்படித்தான்"னு ஒத்த வரியில முடிச்சிருவார், அதனால லேப்ல குரோமியம், ஈயம், நிக்கல், சிஓடி (தண்ணியில கலந்த கழிவோட அளவக் காட்டுற சோதனை), பீனால்ங்கிற ரசாயனம் எல்லாம் கேட்டு எழுதிக் குடுங்க. கடல் தண்ணி உள்ள ஏறுனா சோடியம், குளோரைடு ஏறும், ஆனா குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம தாண்டுச்சுன்னா அதுக்குக் கடல கைகாட்ட முடியாது. ஒரு கிணறு பத்தாது. நம்ம பக்கம் நிலத்தடி நீர் பொதுவா கடல நோக்கித்தான் நகரும், அதனால குழிக்கு வடக்கால ஒண்ணு, தெற்கால ரெண்டு மூணு, ஏறக்குறைய ஒரே ஆழத்துல இருக்கறதா பாத்து ஒரே நாள்ல எடுக்கணும். வடக்க சுத்தமா இருந்து தெற்க கெட்டிருந்தா அதுவே பாதி கேஸ். சவுடு குழி மண் பாறை மாதிரி தடுக்காது, மழை பெஞ்சா சர்ருன்னு இறங்கும், அதனால ஐப்பசி கார்த்திகை மழைக்கு அப்புறம் இன்னொரு தடவையும் எடுக்கணும்.

ஆனா அதுக்காக காத்துக்கிட்டு இருக்காதீங்க! சுற்றுச்சூழல் வழக்குகள விசாரிக்கிற பசுமைத் தீர்ப்பாயத்தோட சட்டம் 14வது பிரிவுல வழக்கு போடக் கெடு ஆறே மாசம், அதுவும் பிரச்சனை முதல்ல ஆரம்பிச்ச நாள்ல இருந்து. தகுந்த காரணம் சொன்னா அதுக்கு மேல இன்னும் 60 நாள் வரைக்கும் ஏத்துக்குவாங்க, உங்களுக்கு அதுலயும் பாதி போயிருச்சு. நஷ்டஈடு, நிலத்தையும் தண்ணியையும் பழையபடி சீர் பண்றது இதுக்கெல்லாம் 15வது பிரிவு, அதுக்கு அஞ்சு வருஷம் டைம் இருக்கு, ரெண்டையும் சேத்தே சென்னை தென்மண்டல அமர்வுல போடலாம்.

கையில இருக்க ரிப்போர்ட் தனியார் லேப்னாலும் பரவாயில்ல, தீர்ப்பாயம் சாட்சியச் சட்டத்த அப்படியே பிடிச்சுக்கிட்டு நிக்கத் தேவையில்லன்னு 19வது பிரிவு சொல்லுது. பெரும்பாலும் பல துறை அதிகாரிங்க சேந்த ஒரு கூட்டுக் குழுவ நேர்ல பாக்க அனுப்புவாங்க. மனுவுலயே குழியச் சுத்தி தண்ணிய சோதிக்க கண்காணிப்பு போர்வெல் போடணும், குழிக்குள்ள இருக்க சேத்தையும் சாம்பிள் எடுக்கணும்னு கேட்டுருங்க, இல்லேன்னா வந்து மேல மட்டும் பாத்துட்டுப் போயிருவாங்க. வேலூர் மக்கள் நல மன்ற வழக்குல 1996லயே உச்ச நீதிமன்றம் கெடுதல் இல்லன்னு நிரூபிக்கிற பாரம் தொழில் நடத்துறவன் மேலன்னு சொல்லிருச்சு. அதே வருஷம் ராஜஸ்தான் பிச்ரி கேஸ்ல ஆலைச் சேறு இறங்கி கிணறெல்லாம் பாழானதுக்கு சீர்படுத்துற செலவயே ஆலைக்காரங்க தலையில கட்டுனாங்க.

இந்த வாரமே வாரியத்தோட மாவட்டப் பொறியாளருக்கும் கலெக்டருக்கும் ரிஜிஸ்டர் தபால்ல புகார் அனுப்புங்க. லாரி நம்பர், தேதியோட போட்டோ வேணும். லாரிய மறிக்கப் போகாதீங்க, கேஸ் உங்க மேல திரும்பும். குழிக்குள்ளயும் இறங்காதீங்க. மேல மண்ணப் போட்டு மூட ஆரம்பிச்சா அன்னைக்கே எனக்குச் சொல்லுங்க, அவசரத் தடை கேக்கணும்.