கையைச் சுடாத ஹாட் பேட் தைக்க: உங்கள் கேள்விகளும் பதில்களும்

சூடான பாத்திரத்தைப் பிடிக்கவும், மேசையில் அதன் அடியில் வைக்கவும் பஞ்சு வைத்துத் தைக்கும் ஹாட் பேட் பற்றி வந்த கேள்விகள் இவை. பரிசுக்கும் கைவினைச் சந்தைக்கும் தைப்பவர்களே அதிகம் கேட்டிருக்கிறீர்கள். அடுத்தவர் கைக்குப் போகும் பொருள் என்பதால் உள்ளே என்ன வைக்கிறோம் என்பதைத்தான் நிறைய எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, வீட்ல மிச்சத் துணி நிறைய இருக்கு. எதை வேணும்னாலும் எடுக்கலாமா?

மேல்துணி, அடித்துணி, விளிம்புப் பட்டி மூன்றும் சுத்தப் பருத்தியாக இருக்க வேண்டும். பாலியஸ்டர் ஏறக்குறைய 250 டிகிரி செல்சியஸில் உருகும், அதற்கு முன்பே இளக ஆரம்பித்துவிடும். உருகினால் தோலில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அதைத் தொடவே வேண்டாம்.

எந்தத் துணி என்று தெரியவில்லையா? ஓரத்தில் நாலைந்து இழைகளை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி, காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, விரலில் தேய்த்தால் பொடியாகும் சாம்பலாகும். பாலியஸ்டர் சுருண்டு உருகி, ஆறியதும் கெட்டி மணி மாதிரி நிற்கும். சாம்பலும் மணியும் சேர்ந்து வந்தால் கலப்புத் துணி, அதையும் ஒதுக்கிவிடுங்கள். நூலும் பருத்தி நூலே போடுங்கள்.

வெட்டுவதற்கு முன் துணியை ஒருமுறை அலசி, காயவைத்து, இஸ்திரி போடுங்கள். புதுப் பருத்தி முதல் சலவையில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கும். மேல்துணி ஒரு அளவும் அடித்துணி வேறு அளவும் சுருங்கினால் பேட் கிண்ணம் மாதிரி வளைந்துவிடும்.

கேள்வி: உள்ளே எத்தனை அடுக்கு வைக்கணும்? ரெண்டு அடுக்கு பாலியஸ்டர் பஞ்சு வச்சேன், மெத்துமெத்துன்னு இருந்தும் கை சுட்டுச்சு.

மெத்தென்று இருப்பது வேறு, சூடு தாங்குவது வேறு. சூட்டைத் தடுப்பது பஞ்சுக்குள் சிக்கியிருக்கும் காற்று. நீங்கள் வைத்த பாலியஸ்டர் பஞ்சு, பாத்திரத்தை இறுக்கிப் பிடித்ததும் தட்டையாகிவிடும். காற்று வெளியேறி, சூடு நேராகக் கைக்கு வரும்.

கையில் பிடிப்பதற்கு நான் சொல்லும் அடுக்கு இது: அடித்துணி, ஒரு பருத்திப் பஞ்சு விரிப்பு, நடுவில் பளபளக்கும் வெப்பத்தடுப்பு விரிப்பு, மறுபடி ஒரு பருத்திப் பஞ்சு விரிப்பு, மேல்துணி. மேசையில் வைப்பதற்கு மட்டும் என்றால் பருத்தி விரிப்பு இன்னொன்று சேர்க்கலாம். பிடிக்கும் பேடில் சேர்த்தால் விரல் மடங்காது, பாத்திரம் நழுவும்.

வெப்பத்தடுப்பு விரிப்பு கிடைக்காவிட்டால் பழைய பருத்தித் துவாலை இரண்டு அடுக்கும் பழைய ஜீன்ஸ் துணி ஓர் அடுக்கும் வைக்கலாம். ஜீன்ஸில் எலாஸ்டிக் கலப்பு இருக்கக் கூடாது. ஃப்ளீஸ் பெரும்பாலும் பாலியஸ்டர்தான், அது வேண்டவே வேண்டாம்.

கேள்வி: பளபளப்பு எந்தப் பக்கம் பார்க்கணும்?

சூடு வரும் பக்கம். ஆனால் ஹாட் பேடை யாரும் பக்கம் பார்த்து எடுப்பதில்லை. அதனால்தான் அதை இரண்டு பஞ்சு விரிப்புக்கு நடுவில் வைக்கச் சொன்னேன். அந்தப் படலத்தை மட்டும் நம்பி பஞ்சைக் குறைக்காதீர்கள். அது கதிராக வரும் வெப்பத்தைத் திருப்பும், தொட்டுப் பரவும் வெப்பத்தைத் தடுக்கப் பஞ்சுதான் வேண்டும். கசக்கினால் சரசரவென்று சத்தம் வரும், அது குறையில்லை.

கேள்வி: மேலே தையல் ஓட்டும்போது அடித்துணி சுருக்கம் சுருக்கமா விழுது. என்ன பண்ணலாம்?

மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் சாதாரண பிரஸ்ஸர் ஃபுட் மேல்துணியை முன்னால் தள்ளும், கீழே இருக்கும் பற்கள் அடித்துணியை இழுக்கும். இரண்டும் ஒரே வேகத்தில் நகராததால் சுருக்கம் விழுகிறது. மேல்துணியையும் கீழ்த்துணியோடு சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் போட்டால் பெரும்பகுதி சரியாகும். அது இல்லாதவர்கள் ஃபுட் அழுத்தத்தைக் குறைத்து, மெதுவாகத் தையுங்கள்.

8 அங்குல பேடுக்கு எல்லா அடுக்கையும் 9 அங்குலமாக வெட்டுங்கள். அடித்துணியை இழுத்து மேசையில் டேப்பால் ஒட்டி, மற்ற அடுக்குகளை மேலே பரப்பி, நாலு மூலையிலும் நடுவிலும் ஊக்கு குத்துங்கள். முதல் தையலை மூலைவிட்டமாக நடுவில் ஓட்டி, அங்கிருந்து இரண்டு பக்கமும் மாறி மாறிப் போங்கள். ஒரு ஓரத்தில் தொடங்கி மறு ஓரம் வரை போனால் துணி முழுக்க ஒரு பக்கம் ஒதுங்கி, சதுரம் சாய்சதுரமாகிவிடும். கோடுகளுக்கு நடுவே 1 முதல் 1½ அங்குலம் விடுங்கள். நெருக்கினால் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு தையலும் பஞ்சை அமுக்கிக் காற்றைக் குறைக்கிறது.

ஊசி 90/14, தையல் நீளம் 3 மில்லிமீட்டர். தையல் விட்டுவிட்டு விழுந்தால் முதலில் புது ஊசி போட்டுப் பாருங்கள், பிறகு நூலின் இறுக்கத்தை (டென்ஷன்) மாற்றலாம். தைத்து முடித்தபின் 8 அங்குலத்துக்குச் சீராக வெட்டிக்கொள்ளுங்கள். ஊக்குகளை எண்ணி எடுத்து வைக்க மறக்காதீர்கள்.

கேள்வி: பட்டி வைக்கும்போது மூலை உருண்டையா வருது மேடம்.

பட்டியை 2½ அங்குல அகலத்தில் வெட்டி, நீளவாக்கில் இரண்டாக மடித்து, வெட்டு ஓரங்கள் பேடின் ஓரத்தோடு சேரும்படி வையுங்கள். கால் அங்குலம் உள்ளே தைத்துக்கொண்டே வந்து, மூலைக்குச் சரியாகக் கால் அங்குலம் இருக்கும்போது நிறுத்தி, இரண்டு தையல் பின்னால் போட்டு, பேடை வெளியே எடுங்கள். பட்டியை மேல்நோக்கி மடித்தால் மூலையில் சாய்வான மடிப்பு விழும். அதை விரலால் அழுத்திக்கொண்டே பட்டியைக் கீழே இறக்குங்கள். இப்போது வரும் மேல்மடிப்பு, தைத்து முடித்த ஓரத்தோடு நூல் பிசகாமல் ஒட்டி நிற்க வேண்டும். அந்த ஓரத்திலிருந்தே அடுத்த பக்கத்தைத் தொடங்குங்கள். கால் அங்குலம் தாண்டித் தைத்திருந்தால் மூலை திரும்பாமல் உருண்டையாகிவிடும். முன்பே நிறுத்தியிருந்தால் ஓட்டை விழும்.

வட்ட மூலைக்கு நேர்வெட்டுப் பட்டி ஒத்துவராது, துணியைச் சாய்வாக வெட்டிய கிராஸ் பீஸ்தான் வளையும். மாட்டும் காது வேண்டுமானால் 2 அங்குல அகலம், 5 அங்குல நீளத் துண்டை நாலாக மடித்துத் தைத்து, பட்டி வைப்பதற்கு முன்பே மூலையில் பொருத்திவிடுங்கள்.

கேள்வி: சந்தைக்கு 8 பேட் தைக்க எவ்வளவு துணி எடுக்கணும்?

44 அங்குல அகலத் துணி ஒரு மீட்டரில் 9 அங்குலச் சதுரம் 16 வரும். முன்னும் பின்னுமாக 8 பேடுக்கு அது போதும். பட்டிக்குத் தனியாக 60 சென்டிமீட்டர். ஒரு பேடைச் சுற்ற ஏறக்குறைய 40 அங்குலம் வேண்டும், துணியின் முழு அகலத்தில் வெட்டும் ஒரு பட்டி சரியாக இருக்கும். சலவையில் சுருங்குவதற்காக இரண்டிலும் 10 சென்டிமீட்டர் கூட்டி வாங்குங்கள்.

கேள்வி: மைக்ரோவேவில் வைக்கலாம்னு சொல்லி விற்கலாமா?

பளபளப்பு விரிப்பு உள்ளே இருந்தால் கூடவே கூடாது. அதில் உலோகப் பூச்சு இருக்கிறது, பொறி பறந்து தீப்பிடிக்கலாம். வெளியே பார்த்தால் அது தெரியாது என்பதால் "மைக்ரோவேவில் வைக்காதீர்கள்" என்று ஒவ்வொரு பேடிலும் சீட்டு தைத்துவிடுங்கள். அதே சீட்டில் துணி வகை, சலவை முறை, "ஈரமாக இருக்கும்போது பயன்படுத்தாதீர்கள்" என்ற வரி மூன்றும் இருக்கட்டும். ஈரம் பட்டால் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் நிற்கும். தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும், நல்ல பேடும் நொடியில் சுட்டுவிடும்.

கேள்வி: கொடுக்கறதுக்கு முன்னாடி எப்படிச் சோதிக்கறது?

ஒவ்வொரு புது அடுக்கு முறைக்கும் ஒரு மாதிரி தைத்து முதலில் துவைத்துக் காயவையுங்கள். கொதித்த நீர் உள்ள பாத்திரத்தை அதன் மேல் வைத்து, ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் பேடின் அடியில் மேசையைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்போடு நின்றால் சரி. கை வைக்க முடியவில்லை என்றால் ஒரு பருத்தி விரிப்பைக் கூட்டி, மாதிரியை மறுபடி தையுங்கள்.